ஊர்ஹோ மாட்டாத நாலு சக்கரம்

1

இந்தக் கதை வெய்க்கோவின் டயர் கடையில் பிறந்தது. அவர் கொடுத்த காப்பி கருகியிருந்தது, அதற்குக் கதை பொறுப்பல்ல. பின்லாந்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில், கோடைச் சக்கரம் வண்டியில் ஓடும்போது குளிர்காலச் சக்கரம் வெய்க்கோவின் பரணில் பெயர்ச்சீட்டோடு தூங்கும். முதல் பனி விழுந்ததும் இடம் மாறிக்கொள்ளும்.

அன்று மேல்தட்டில் நான்கு ஒல்லிச் சக்கரங்களைப் பார்த்தேன். ஒருநாளும் ஓடாத புதுசு. யாருடையது என்று கேட்டேன். வெய்க்கோ காது கேட்காதவர் மாதிரி உள்ளே போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு வீடு வந்திருக்கலாம். அதற்குப் பதில் அவற்றுக்கு ஊர்ஹோ என்று ஒரு சொந்தக்காரனைக் கதையில் உண்டாக்கிவிட்டேன்.

2

"ஊர்ஹோ நல்லவன்தான், ஆனால்" (ஆனால் என்று எழுதியதுமே ஆளைப் பிடிக்காமல் போகிறது.)

"ஏரி உறைந்த அன்று" (எங்கள் ஊர்ப்பக்கம் கதை சொல்கிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அடித்துவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஹெல்மி தன் புருஷன் ஊர்ஹோவுக்கு நான்கு பனிச்சக்கரம் வாங்கிக் கொடுத்தாள். பதினைந்து அங்குல இரும்பு வளையம், 195 மில்லிமீட்டர் அகல டயர், பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"தையல் மிஷின் சக்கரம்டி இது. இதை மாட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி எப்படிப் போறது?"

அவற்றை வெய்க்கோவின் பரணிலேயே போட்டுவிட்டு, பதினேழு அங்குலத்தில் பளபளக்கும் வளையமும் 225 அகல டயரும் மாட்டினான். ஏரி வளைவில் வண்டி சறுக்கி, பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. வசந்தத்தில் வண்டியை வெளியே இழுத்தார்கள். நான்கு கதவும் பூட்டியே இருந்தன. உள்ளே ஆள் இல்லை.

[தெரியாதவர்களுக்கு: அகல டயர் புதுப்பனியின்மேல் மிதக்கும். ஒல்லி டயர் பனியைக் கிழித்து அடியிலிருக்கும் தரையைப் பிடிக்கும். வளையம் சிறுத்தால் ரப்பர் தடிக்கும், மொத்த உயரம் மாறாது. அதனால் ஒரே வண்டிக்கு இரண்டும் பொருந்தும். ஊர்ஹோவைக் கொன்றது அழகு. இல்லை, நான்தான். ஒரே வரியில்.]

3

இப்போது ஹெல்மி. அடுத்த குளிர்காலம். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகள் சனெல்மாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பதாக ஹெல்மி வாக்குக் கொடுத்திருக்கிறாள். இருப்பது ஒரே சாலை, அதே வளைவு. அவள் வாங்கிய பழைய வண்டி ஊர்ஹோவுடையது மாதிரியே. அதோடு வந்த சக்கரமும் அதே 225.

வடகோடிக் குளிர்காலம், மதியமே கும்மிருட்டு. வெய்க்கோவையும் கேட்காமல் கதைக்குள் இழுத்துக்கொண்டேன். பரணில் கிடந்த ஊர்ஹோவின் சக்கரங்களை ஹெல்மி இறக்கச் சொன்னாள், இறக்கினார். சூடான கொட்டகை அது. டயர் பள்ளங்களில் பனி அடைத்துக்கிடந்தது.

"கூரை ஒழுகுதா?"

"ஒழுகினா தண்ணியா இருக்கும், ஹெல்மி. இது பனி."

சக்கரத்தைக் கழற்றும்போது அது வண்டியின் எந்த மூலையில் இருந்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்துவைப்பார்கள். மாட்டாத சக்கரத்துக்குக் குறி எதற்கு? இருந்தது. ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு, மூன்று, நான்கு.

"நீ போட்டதா?"

"நான் எழுத்துதான் போடுவேன். கோடு போடுறவன் உன் வீட்டுக்காரன் ஒருத்தன்தான்."

ஹெல்மி ஒற்றைக் கோட்டைத் தொட்டாள். விரலில் ஈரமாக ஒட்டியது. அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவனைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"என்னைப் பத்திரமா கொண்டுபோய் விட வந்திருக்கானா, தன்கூடக் கூட்டிட்டுப் போக வந்திருக்கானா? அதை மட்டும் சொல்லு, வெய்க்கோ."

வெய்க்கோ ஸ்பேனரோடு நின்றார். "எதை மாட்டட்டும்? அதை நீ சொல்லு."

4

முடிவு ஒன்று, 225: வளைவில் வண்டி மிதந்தது. (போதும். ஒரு வீட்டில் ஒருவரை மூழ்கடித்தது போதும்.)

முடிவு இரண்டு, 195: டயர் தரையைக் கவ்வியது. வளைவு வந்தபோது ஹெல்மி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அது தானாகவே

(எழுதி முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் திரும்புகிறது.)

5

இதைக் கதையில் சேர்க்க நினைக்கவில்லை. இன்று காலை என் முற்றத்துப் பனியில் இரண்டு சக்கரத் தடங்கள். ஏரிப் பக்கமிருந்து வந்து என் வாசலில் நிற்கின்றன. ஒல்லித் தடம், ஓரத்தில் ஆணிப் புள்ளிகள். என் வண்டியில் இருப்பது அகல டயர். திரும்பிப் போன தடம் இல்லை. வண்டியும் இல்லை.

வெய்க்கோவுக்குப் போன் செய்து மேல்தட்டுச் சக்கரங்களைப் பற்றிக் கேட்டேன்.

"நேத்தே ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே. நீங்க அனுப்புனதா சொன்னாரு. உடம்பெல்லாம் ஈரம், பாவம். நாலுலயும் அவரே கோடு போட்டுக்கிட்டாரு."

தன்னை ஒரே வரியில் கொன்ற என்னைத் தேடி ஊர்ஹோ வந்திருக்கிறானா, பெண்டாட்டியை நல்லபடியாக எழுதச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறானா என்று தெரியவில்லை. இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

ஆனால் ஹெல்மி இன்னும் கொட்டகையிலேயே நிற்கிறாள். சனெல்மாவுக்கு வலி கூடிக்கொண்டிருக்கிறது. யாராவது சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லுங்கள், 195-ஆ, 225-ஆ?

சொல்லிவிட்டீர்களா? உங்கள் ஊரில் பனி விழாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நாளைக் காலை கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாக வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.