பூட்டு அவங்களோடது

"பழைய ப்ரோக்ராம் இனிமே ஓடாதுங்க. கம்பெனியே நிறுத்திட்டாங்க. புது மெஷின் எடுத்தீங்கன்னா உங்க டிசைனெல்லாம் தானா திறந்துக்கும்" என்றான் எம்ப்ராய்டரி மெஷின் கம்பெனியின் ஏஜெண்ட். ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

தையல்காரி பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "எடுக்கலைன்னா?"

"திறக்காதுங்க."

அவன் போன பிறகும் அந்த ஒரு சொல் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், கணவன் வேலைக்குப் போனதும் கணினி முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்த வேலை அது. தாளில் பென்சிலால் வரைந்து, திரையில் ஒவ்வொரு தையலாக வைத்துப் பார்த்து, கண் எரிய எரிய உருவாக்கிய பூக்கள், பறவைகள், பள்ளிச் சின்னங்கள், நர்ஸ் கோட்டுக்கான எழுத்துகள். எல்லாம் கம்பெனியின் சொந்தக் கோப்பு வடிவத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. மெஷின் என்னவோ எல்லா ப்ரோக்ராமும் படிக்கிற பொதுவடிவத்தில் கொடுத்தாலும் தைக்கும். ஆனால் மாற்றிக் கொடுக்க அந்தப் ப்ரோக்ராம் வேண்டும். தன் நகையை அடுத்தவன் பெட்டியில் வைத்துவிட்டு, சாவியைக் கேட்காமலே இத்தனை காலம் இருந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மாடியில் குடியிருந்த நாத்தனாரிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். நாத்தனாருக்கு ப்ரோக்ராம் எழுதுகிற வேலை. வேலை முடிந்த பிறகும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று ஒரு குழு சேர்ந்து உருவாக்கும் கட்டற்ற இயங்குதளம் ஒன்றுக்குக் கூலியில்லாமல் எழுதிக்கொண்டிருப்பாள். அவள் அன்றே அண்ணியின் கணினியில் அதை ஏற்றினாள். எல்லாம் ஓடியது. டிசைன் கோப்புகள் மட்டும் அசையவில்லை.

"உள்ள வெறும் எண்ணா இருக்கு, அண்ணி. எந்த எண் எந்தத் தையல்னு தெரிஞ்சாத்தான் படிக்க முடியும். நீங்க தைச்சுப் பார்த்த துணி ஏதாவது இருக்கா?"

தையல்காரி ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டாள். எந்த டிசைனையும் மாதிரித் துணியில் தைத்துப் பார்க்காமல் அவள் விட்டதில்லை. கைக்குட்டை ஓரத்துக்குப் போட்ட நேர்கோட்டில் ஆரம்பித்தார்கள். ஒருத்தி துணியை வெளிச்சத்தில் பிடித்து, "இங்க ஊசி தாண்டுது... இங்க நூல் மாறுது" என்று சொல்ல, இன்னொருத்தி திரையில் அந்த இடத்தைத் தேடினாள். சில நாள் ஒன்றும் பிடிபடாமல் இருவரும் எரிந்து விழுந்துகொண்டார்கள். வீட்டில் சமையல் பொறுப்பு கணவன் தலையில் விழுந்தது. முணுமுணுக்காமல் செய்தான், உப்பை மட்டும் மறந்தான். பிறகு ஒரு மத்தியானம் நேர்கோடு திரையில் வந்து நின்றது. அதைப் பார்த்து இருவரும் கைகொட்டிச் சிரித்தார்கள். பறவைகள் வர அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. நிறம் மட்டும் தாறுமாறாக வந்தது.

கோப்புகளைத் திறக்க எழுதிய ப்ரோக்ராமை இயங்குதளத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்று நாத்தனார் குழுவுக்கு அனுப்பினாள். குழுவை நடத்துகிறவரை எல்லோரும் 'தாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடியோவில் வந்த தாடி நெற்றியைச் சுருக்கினார்.

"பூட்டி வெச்ச வடிவத்தை நாமளே திறந்து குடுத்தா, யாரும் நம்ம பொதுவடிவத்துக்கு மாறவே மாட்டாங்க. அவங்க கம்பெனிக்கு நாம வேலை செஞ்ச மாதிரி ஆயிடும். நாளைக்கு வழக்குப் போட்டா?"

போன வருஷம் வரை நாத்தனாரே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நூல் கத்தரித்துக்கொண்டிருந்த தையல்காரி கத்தரிக்கோலுடனே வந்து திரை முன்னால் நின்றாள்.

"தம்பி, எல்லாரும் உங்க பக்கம் வரணும்னுதானே சொல்றீங்க? நான் வந்துட்டேன். என் கையில என் சாமான் இருக்கு. அதை வாசல்லயே போட்டுட்டு வெறுங்கையோட உள்ள வான்னா, எவ வருவா?"

"நாங்க பூட்டுக்குத் துணை போகக் கூடாதுங்க..."

"பூட்டு அவங்களோடது. உள்ள இருக்கறது என்னோடது. அதுக்குத் துணை வாங்க."

தாடி தன் தாடியை நீவினார். "குழுவுல கேக்கறேன்" என்றார். குழு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. ஒருவர் கோபித்துக்கொண்டு விலகியே போனார். ஆனாலும் அடுத்த பதிப்பில் அது சேர்ந்தது. அதன்பின் முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் திறக்காத கோப்புகளும் தைத்த துணிகளின் படங்களும் வர ஆரம்பித்தன.

ஏஜெண்டும் வந்தான். இந்த முறை சிரிப்பில்லை. ப்ரோக்ராம் வாங்கியபோது ஒத்துக்கொண்ட ஒப்பந்தத்தை மீறியிருக்கிறீர்கள், கம்பெனி சும்மா விடாது, இயங்குதளத்தில் சேர்த்ததை எடுக்கச் சொல்லிவிடுங்கள் என்று வாசலில் நின்றபடியே அடுக்கினான். வழக்கு என்று வந்தால் என்ன செய்வது என்று தையல்காரிக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனாலும் எம்ப்ராய்டரி வளையத்தில் துணியை இழுத்து இறுக்கினாள்.

"உரக்கச் சொல்லுங்க, சரியா கேக்கலை" என்று சொல்லிவிட்டு மெஷினைத் தட்டினாள்.

மெஷின் இரைந்தது. வாசலில் அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஊசிக்கு அடியில், எந்தக் கொக்குக்கும் இல்லாத சிவப்பில், ஒற்றைக்காலில் நின்ற அவளுடைய பழைய கொக்கு மெல்ல மெல்லச் சிறகை விரித்துக்கொண்டிருந்தது.