பன்னிரண்டாம் படுக்கையின் அட்டை

“நல்லா யோசிச்சுப் பாருடா. வெள்ளை அட்டை. மாத்திரை டப்பாவைக் கிழிச்சது. இந்த டிராயர்லதான் வச்சிருந்தேன்.”

“எனக்கென்ன தெரியும்? உன் டிராயரை நான் எதுக்குத் தொடப்போறேன்?”

“கேஸ் பில்லுக்கு அடியில இருந்துச்சு. போன மாசம் பில்லை நீதானே எடுத்தே?”

“எடுத்தேன். அட்டை கிட்டையெல்லாம் பாக்கலை” என்றேன்.

பொய். அக்கா டிராயரையே உருவித் தரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காகிதமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை டியூட்டிக்குப் போக வேண்டியவள் லீவு சொல்லியிருந்தாள். பதினொரு மணிக்கு ஒரு பெண் அந்த அட்டைக்காக வருகிறாளாம்.

நான்கு வருடங்களுக்கு முன் ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் பரவியபோது, அடைத்து வைத்த காய்ச்சல் வார்டில் அக்கா நர்சாக இருந்தாள். நோயாளியின் சொந்தக்காரர்கள் உள்ளே வர முடியாது. உள்ளேயிருந்து ஒரு காகிதம்கூட வெளியே போகக் கூடாது. அதனால் நோயாளிகள் வீட்டுக்குச் சொல்ல நினைத்ததை, மாத்திரை டப்பாக்களைக் கிழித்து அட்டையில் எழுதிக்கொள்வாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இன்னொரு நர்ஸ் நின்று நோயாளியின் வீட்டுக்குப் போன் போடுவார். அந்தப் பக்கம் போனை எடுத்ததும் அக்கா அட்டையைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடிப்பாள். அவர் அதைப் போனில் படித்துச் சொல்வார்.

பன்னிரண்டாம் படுக்கை அம்மாவுக்கு மட்டும் அந்தப் பக்கம் யாரும் போனை எடுக்கவில்லை. மகளும் வேறோர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். அம்மா மறுநாள் இறந்துவிட்டார். வார்டை மூடிய அன்று, அந்த ஓர் அட்டையை மட்டும் மருந்து தெளித்து, வெயிலில் காயவைத்து, அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இப்போதுதான் மகள் எங்கெங்கோ விசாரித்து அக்காவின் நம்பரைப் பிடித்திருக்கிறாள்.

“என்ன எழுதினேன்னு உனக்கே ஞாபகமில்லையா?”

“அன்னிக்கு மட்டும் பதினேழு அட்டைடா. நாலு வரி சொன்னாங்க, சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு.”

“ஒருவேளை கடையில கிடக்கும். பாத்துட்டு வரேன்” என்று செருப்பை மாட்டினேன்.

கடை என்றால் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை. ஆனால் நான் ஓடியது வாடகை நூலகத்துக்கு. அந்த அட்டை நாற்பத்து மூன்று நாள் என் கையில்தான் இருந்தது. ஆயிரத்து நூறு பக்கம் கொண்ட மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அடையாளம் வைக்க, மடங்காத அட்டையாக ஏதாவது தேடினேன். அகப்பட்டது அது. ஒரு கொள்ளைநோயில் உலகமே காலியாகி, மிஞ்சிய சிலர் நடந்துகொண்டே இருக்கும் கதை. மெஷின் சூடாகும் நேரத்தில் இரண்டு பக்கம், பேப்பர் சிக்கினால் நான்கு பக்கம் என்று படித்தேன். அதில் ஒருத்தி, யாருமில்லாத டெலிபோன் நிலையத்தில் தனியாக உட்கார்ந்து, எடுக்க ஆளில்லாத வீடுகளுக்கெல்லாம் மணியடித்துக்கொண்டே இருப்பாள். அவளுக்காக இரண்டு நாள் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அட்டையை அதே பக்கத்தில் வைத்து மூடினேன்.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி சாப்பிடும்போது அக்காவுக்கும் கதை சொன்னேன். “ஆளே இல்லாத வார்டுல ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கிட்டே இருக்கும்க்கா. என்னமா எழுதியிருக்காங்க தெரியுமா!”

“எங்க வார்டுல குழாய் சொட்ட நேரமே இருந்ததில்லடா. எப்பவும் யாராவது கை கழுவிக்கிட்டே இருப்போம்” என்று சொல்லிவிட்டு, பாதிச் சோற்றோடு எழுந்து போனாள். இவளுக்கு ரசனையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகக்காரர் திரும்பி வரும் புத்தகங்களைத் தலைகீழாகப் பிடித்து ஒரு கூடையில் உதறுவார். அது அவருடைய வழக்கம். பஸ் டிக்கெட், முடி, பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் விழும்.

“என்ன தம்பி, மூச்சு வாங்குது? உலகம் மறுபடி அழிஞ்சிருச்சா?”

“வெள்ளிக்கிழமை கொடுத்தேனே, அந்தப் பெரிய புத்தகம். உள்ள ஒரு அட்டை இருந்துச்சு.”

“காதல் கடிதமா? அதையெல்லாம் நான் படிக்கிறதில்லப்பா.” சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “சனிக்கிழமை கூடையைக் காலி பண்ணிட்டோம். இன்னிக்கு செவ்வாய். குப்பை வண்டி ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருச்சே.”

கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு டிக்கெட்டுகள், ஒரு ஹேர்பின்.

வீட்டுக்குத் திரும்பும்போது என்ன பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். எலி, கரையான், மழை. வாசலில் வேறொரு செருப்பு கிடந்தது.

அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வயதிருக்கும். அட்டையை வைத்து எடுத்துப் போக, மடியில் ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வைத்திருந்தாள். புதியது, விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு எலி வாயில் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், நாற்பத்து மூன்று நாள், கூடை, காலையில் சொன்ன பொய்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தரையில் கிடந்த டிராயரைத் தூக்கி மேசைக்குள் தள்ளினாள். அது கோணலாகச் சிக்கிக்கொண்டது. மறுபடி தள்ளினாள்.

“ஊர்ல உள்ள காகிதத்துக்கெல்லாம் நகல் எடுக்கிறியே” என்றாள், என்னைப் பார்க்காமல். “இதுக்கு ஒண்ணு எடுக்கத் தோணலையாடா?”

அந்தப் பெண் கோப்பை மூடி, அதன் நாடாவைக் கட்டினாள். பிறகு அவிழ்த்தாள்.

“தினமும் பாத்திருப்பீங்கல்ல தம்பி?”

பார்த்திருக்கிறேன். ஊதா மை. ஒரு மூலையில் பன்னிரண்டு என்று போட்டு வட்டம். அந்த நாலு வரியை ஒருநாளும் படித்ததில்லை. அட்டை ஓரத்தில், எனக்குப் பிடித்த இடங்களின் பக்க எண்களை அந்த எழுத்துக்கு மேலேயே பேனாவால் குறித்து வைத்திருந்தேன்: 212, 348, 761. அவை மூன்றும் ஞாபகம் இருக்கின்றன. டெலிபோன்காரி கடைசியாகச் சொல்லும் வாக்கியம் கமா உட்பட ஞாபகம் இருக்கிறது. எந்த அம்மாவும் எந்த மகளுக்கும் சொல்லக்கூடிய வாக்கியம் அது. அதுதான் அட்டையில் இருந்தது என்று சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நாலு வரியும் வேண்டாம். அம்மா என்னை வீட்டுல ஒரு செல்லப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அந்தப் பேர்லதான் ஆரம்பிச்சிருப்பாங்க. முதல் வார்த்தை என்னன்னு மட்டும் சொல்லுங்க தம்பி.”