சிவப்புக் குதிரையை இழுத்த கோடு

1

இந்தக் கதை பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. எதிர்ச் சுவரில் ஒரு புகைப்படம்: புயல் பிய்த்தெறிந்த கடலோர ராட்டினத் திடல், நொறுங்கிய பலகை நடைபாதை, அலையோரம் நிமிர்ந்து நிற்கும் சிவப்பு மரக்குதிரை. கீழே தலைப்பு: ‘அமைதி’. அமைதியாம்! பல்வலியைவிட அதுதான் வலித்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பலகைக் குவியலிலிருந்து குதிரைவரை ஈரமணலில் ஒரு கோடு. அலை அப்படி இழுக்காது. ஆள் இழுத்திருக்கிறான்.

(இதற்குமேல் எல்லாம் கற்பனை. கோபம் மட்டும் நிஜம்.)

2

‘பொன்னிற வெயிலில் கடல் தூங்கிக்கொண்டி—’

சீ! நானும் படம் பிடிக்கக் கிளம்பிவிட்டேன் பாருங்கள்.

மறுபடி. புயலுக்கு மறுநாள் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் அங்கே வந்தார். நல்ல படத்துக்காகச் சாமான்களை இடம் மாற்றிவைப்பது அவர் தொழிலில் ஊரறிந்த ரகசியம். உடைந்த பொம்மை ஒன்று அவர் பையிலேயே இருக்கும். குவியல்மேல் குதிரை கிடந்தது. இங்கே கிடந்து யாருக்கு என்ன லாபம் என்று தண்ணீரோரம் இழுத்துப்போய் நிறுத்தினார். படம் பிரமாதமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் குடைராட்டினம் ஓட்டும் பெண் மீட்புப் படையோடு ஓடிவந்தாள். பலகைகளுக்கு அடியில் அவள் கணவன். அவன் தட்டும் சத்தம் கேட்டு, இடம் தவறக்கூடாதென்று அடையாளத்துக்குக் குதிரையைப் போட்டுவிட்டுத்தான் ஆள் கூட்டிவரப் போயிருந்தாள்.

“ஐயோ, குதிர ஏன் தண்ணிகிட்ட நிக்குது? யாரு நகர்த்துனது?”

“எந்த இடம்னு சொல்லும்மா, எல்லாம் ஒரே மாதிரி கெடக்கு. தண்ணி வேற ஏறுது,” என்றார் படைத் தலைவர்.

“எனக்கே தெரியலையே, தட்டுற சத்தமும் இப்ப கேக்கல! சார், நீங்க இங்கதானே இருந்தீங்க? பாத்தீங்களா?”

புகைப்படக்காரர் லென்ஸை மூடினார். மணலிலிருந்த கோட்டை அலை அழித்துவிட்டது. இனி அது அவர் கேமராவுக்குள் மட்டும்தான் இருக்கிறது. காட்டினால் ஆள் பிழைக்கலாம், ஆனால் குதிரையை நகர்த்தியது வெளிப்பட்டு இவர் வேலை போகும். இதற்குப்போய் யோசிக்கிறார், கல்நெஞ்சக்காரர்!

3

முடிவு அ: காட்டினார். (இவ்வளவு சுலபமாக இவரை நல்லவராக்க எனக்கு மனமில்லை.)

முடிவு ஆ: “நான் பாக்கலையேம்மா.” (எழுதும்போதே கை கூசுகிறது. அந்தப் பெண்ணுக்கு இதை நான் செய்யமாட்டேன்.)

முடிவு இ: அவர் மெல்ல வாயைத் திற—

போதும், இவரை நம்பிப் பிரயோஜனமில்லை. படம் உங்கள் முன்னால் மாட்டியிருக்கிறது. தலைப்பைப் படித்துத் தலையாட்டிவிட்டு உட்காரப் போகாதீர்கள். எழுந்து வாருங்கள். குதிரையிலிருந்து அந்தக் கோட்டைப் பிடித்துப் பின்னால் போங்கள். அவள் இப்போது உங்களைத்தான் கேட்கிறாள். விரல் வைத்துக் காட்டுங்கள்: எந்தப் பலகை?