அழித்துவிட்டதாகச் சொன்ன காட்சி

பொன்னுத்தாய் ஓட்டல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, திரைப்பட விழாக்காரர்கள் கொடுத்த கறுப்புக் கோட்டுக்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற நெடுஞ்செழியன் மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

"வெளியில பனி கொட்டுதுக்கா. நேத்தே உங்களுக்கு இருமல். பேசாம படுத்துக்குங்க. படத்த நம்ம ஊர்ல பாத்துக்கலாம்."

"இம்மாந்தூரம் ஏரோப்பிளேன்ல வந்தது படுத்துக்கவா தம்பி?" என்று சிரித்தாள். "எம் மொகத்த ஒரு தடவ பெருசா பாத்துட்டு வந்துடுறேன்."

அவளுக்கு விசா கிடைக்காது என்றே அவன் நம்பியிருந்தான். படத்தின் நாயகியும் வரவேண்டும் என்று விழாவிலிருந்து கடிதம் வந்தபோது மறுக்க வாய் வரவில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டு, அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பார்க்கிற ஐம்பது வயதுக்காரிக்கு எந்தத் தூதரகம் முத்திரை குத்தப்போகிறது என்று விட்டுவிட்டான். பன்னிரண்டாம் நாள் விசாவோடு பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை.

நன்னிலத்திலிருந்து சென்னைக்குப் போய்ப் பதினேழு வருஷம் உதவி இயக்குநராகவே கழித்தவன் அவன். அவன் எழுதிய காட்சிகள் மற்றவர்கள் பெயரில் ஓடின. நாற்பத்து மூன்று வயதில், கடைசியாக ஒரு தயாரிப்பாளர் கிடைத்து, சொந்தமாக ஒரு படம் எடுத்தான். நடித்தவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள். பொன்னுத்தாயின் வீட்டிலேயே படப்பிடிப்பு. ஒரு நாள் அவள் அடுப்பு மூட்டுகிற காட்சி முடிந்து, "கட்" சொல்லி, எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் அடுப்படியிலேயே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முள்ளியாற்றில் மூழ்கி இறந்துபோன தன் மகள் செந்தாமரையிடம் பேசத் தொடங்கினாள். துணி துவைக்கப் போனவள் படித்துறையில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் ஊரே சொல்லும். பொன்னுத்தாயின் புருஷன் இராஜாங்கமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஆத்துல போயி விழுடின்னு நாந்தானே சொன்னேன். நான் சொன்ன ஒரு சொல்லும் கேக்காதவ, இத மட்டும் ஏன்டி கேட்ட."

நான்கு நிமிடம். அடுப்பு வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவளே அவனைத் தேடி வந்தாள். "தம்பி, அந்த மிசினு ஓடிக்கிட்டு இருந்துச்சாமே. அவ அப்பாவுக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சா அந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாரு. அழிச்சிடுங்க."

"அழிச்சிட்டேன்க்கா" என்றான். அழித்துவிடுவோம் என்றுதான் அப்போது நினைத்தான். பிறகு ஒன்பது விழாக்கள் படத்தைத் திருப்பி அனுப்பின. தயாரிப்பாளர் போனை எடுப்பதை நிறுத்தினார். அந்த நான்கு நிமிடத்தை எடுத்துப் படத்தின் கடைசிப் பகுதியில் வைத்து, பத்தாவதாக இந்த விழாவுக்கு அனுப்பினான். தேர்வுக் கடிதத்தில் அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தார்கள்.

அரங்கில் முந்நூறு பேருக்குமேல் இருந்தார்கள். அவளை ஓரத்து இருக்கையில் உட்கார வைத்தான். வெளியே கூட்டிப் போக அதுதான் வசதி. படம் ஓட ஓட அவள் குழந்தைபோல அவன் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "இது நம்ம பஞ்சநதம் வூட்டு மாடுல்ல?" அடுப்படிக் காட்சி நெருங்கியது. "அக்கா, பாத்ரூம் போயிட்டு வந்துடலாமா" என்றான். "இருங்க தம்பி" என்றாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தீ எச்சரிக்கைக்கான சிவப்புப் பொத்தான் இருந்தது. நாலு எட்டு வைத்து அமுக்கினால் படம் நின்றுவிடும். மூன்றாவது வரிசையில், படத்தை வாங்கி இருபது நாடுகளில் வெளியிடுவதாகச் சொல்லியிருந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

திரையில் அடுப்பு எரிந்தது. இருக்கையில் பொன்னுத்தாய் அழவில்லை. திரையிலிருந்த தன் வாயோடு சேர்ந்து அவள் வாயும் சத்தமில்லாமல் அசைந்தது. படம் முடிந்ததும் அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே தம்பி."

அதற்குள் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். இருவரையும் மேடைக்கு அழைத்தார்கள். விழா நடத்துகிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள். அடுப்படியில் அப்படி நடிக்க எப்படித் தயார் செய்துகொண்டீர்கள்? நெடுஞ்செழியன் அதைத் தமிழில் சொன்னான். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

"இவங்கள்லாம் பெரியவங்களா தம்பி? இவங்க சொன்னா நீங்க கேப்பீங்களா?"

அவன் தலையாட்டினான். பொன்னுத்தாய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அது நடிப்பு இல்லீங்க. அது எம் மவ. இவருகிட்ட அழிக்கச் சொன்னேன், அழிச்சிட்டேன்னாரு. மாசி மாசம் எங்க ஊர்ல தெர கட்டி இந்தப் படத்தப் போடப்போறாரு. எங்க வூட்டுக்காரரு மொத ஆளா வந்து குந்துவாரு. நீங்க பாத்தது பாத்துட்டீங்க, போவட்டும். அந்த எடத்த மட்டும் வெட்டிடச் சொல்லுங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

முந்நூறு முகங்களும் இப்போது அவனைப் பார்த்தன. அவள் கேட்பதை மட்டும் சொல்ல ஆங்கிலத்தில் எட்டுப் பத்துச் சொல் போதும். முதல் சொல் தொண்டைவரை வந்தது. மூன்றாவது வரிசை அம்மாள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தன் மகளை நினைத்துக்கொண்டேன் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். "உங்கள் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறார்."

முதலில் ஒருவர் எழுந்தார், அவருக்குப் பின்னால் ஒரு வரிசை எழுந்தது, அரங்கம் முழுவதும் நின்று கைதட்டியது. பொன்னுத்தாய் மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஒத்துக்கிட்டாங்களா?"

அவன் எதுவும் சொல்ல நினைக்கவில்லை. "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வெளியே வந்தது. அவள் முகம் இளகியது. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கைதட்டல் இன்னும் கூடியது.

வெளிக்கூடத்தில் அவளைப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள். அவள் ஒவ்வொருவர் கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "மறந்துடாம வெட்டச் சொல்லுங்கம்மா." "வெட்டச் சொல்லுங்கய்யா." அவர்கள் கண்கலங்கித் தலையாட்டினார்கள். நரைத்த தலைக்காரி ஒருத்தி கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து, தன் மொழியில் ஏதோ நெடுநேரம் சொன்னாள். பொன்னுத்தாய் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியேயும் வரிசை நீண்டிருந்தது. தோளில் விழுந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆட்கள் ஒவ்வொரு அடியாக முன்னால் நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.