இடது பக்கத்துக் கோடு

"இது போக மாட்டேங்குது அக்கா," என்றாள் தம்பி மனைவி.

கூடத்தில் கிடத்தியிருந்த கணவனின் உடலின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலிலிருந்த சிவப்புக் கறையை ஈரத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து விடிந்ததும் கொண்டுவந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எடுக்க வேண்டும். புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அக்கா அந்த விரலைப் பார்க்கவில்லை. முகத்தைக்கூட எப்படியோ பார்த்துவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்க்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ரத்தமா இருக்கும். விடும்மா."

"ரத்தம்னா தண்ணி பட்டதும் போயிருக்கணுமே."

வாசலிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "பந்தயத் திடல்லேருந்து பரிசோதகர் பத்து மணிக்கு வர்றாராம். காரைப் பாக்கணுமாம். ஷெட்டைத் திறந்து வைக்கச் சொன்னாங்க."

"நல்லாப் பாக்கட்டும்," என்றாள் தம்பி மனைவி. "வளைவுல திரும்ப வேண்டியது நேரா போய் சுவத்துல மோதிச்சுன்னா, காருக்கு என்னமோ ஆயிருக்கு. என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நீங்கதானே அக்கா எல்லாத்தையும் மாட்டி இறுக்கினீங்க?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாத குரல். ஆனாலும் அக்கா சட்டைக் கைப் பொத்தான்களைப் போடாமல் விட்டாள். "சாவி எடுக்கணும்," என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனாள்.

தம்பி வாரம் முழுக்க ரொட்டி வண்டி ஓட்டுவான், ஞாயிற்றுக்கிழமை பந்தயக் கார். மட்கார்டு கிடையாது, கதவு கிடையாது, நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். குளியல் தொட்டிக்குச் சக்கரம் முளைத்தது போல இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். லாரிப் பட்டறையில் பதினாறு வருஷம் கைதேர்ந்த அக்காதான் அதற்கு மெக்கானிக். பின் ஆக்ஸிலை நேராக நிறுத்துவது அவளைத் தவிர வேறு யாரும் செய்யாத வேலை. முன்னால் இருக்கும் குழாயிலிருந்து ஆக்ஸில் வரைக்கும் வலது பக்கம் எவ்வளவோ, இடது பக்கமும் அவ்வளவே இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கார் நண்டு மாதிரி ஒருக்களித்துத்தான் போகும். பக்கத்துக்கு ஒரு ராடு. அதைத் திருகினால் நீளும், குறையும். அளவு சரியானதும், ராடு திரும்பிவிடாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கி, நட்டையும் ராடையும் சேர்த்துச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுவாள். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று. கோடு உடைந்திருந்தால் நட்டு நழுவியிருக்கிறது.

அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. ஓட்டுகிறவன் ஸ்பானரைத் தொடக் கூடாது. இரண்டு பேர் கை வைத்தால், மற்றவர் இறுக்கியிருப்பார் என்று இரண்டு பேருமே விட்டுவிடுவார்கள்.

நேற்று பந்தயத்துக்கு முன்னால் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தம்பி ஆரம்பித்தான்.

"இடது பக்கம் ஒரு நூல் முன்னால வை அக்கா. வளைவுல நல்லாத் திரும்பும்."

ஒரு நூல் என்பது பட்டறைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"நூலும் கிடையாது, கயிறும் கிடையாது. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"சரியான மூலைமட்டம் நீ, இம்மி நகர மாட்டே. ஓட்டுறது யாரு, நானா நீயா?"

சும்மா சீண்டியதுதான். ஆனால் காலையிலிருந்து வெயிலில் குனிந்து கிடந்தவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப நீயே பாத்துக்கோ. எக்கேடோ கெட்டுப் போ!" என்று கத்திவிட்டு, ஸ்பானரை வீசியெறிந்துவிட்டுப் போய்ப் பார்வையாளர் வரிசையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டாள். ஆறாவது சுற்றில் கார் திரும்பவில்லை.

வலது பக்கம் கோடு போட்டது நன்றாக நினைவிருக்கிறது. இடது பக்க ராடைத் திருகியதும், அளவு சரிக்குச் சரி வந்ததும் நினைவிருக்கிறது. நட்டை இறுக்கினாளா? எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடத்தில் கோபம்தான் இருந்தது, நட்டு இல்லை.

ஷெட்டைத் திறந்தாள். காரின் மூக்கு இருந்த இடத்தில் கசங்கிய தகடும் கம்பியும்தான் இருந்தன. பின்பாதி ஒன்றுமே நடக்காதது போல நின்றது. கருவிப் பெட்டியில் நெயில் பாலிஷ் பாட்டில் கிடந்தது. திறந்தபடி விட்டுவிட்டு வந்தோமே என்று தோன்றியது, ஆனால் மூடி இறுக்கமாக இருந்தது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. மணி ஒன்பது ஐம்பது.

இடது பக்கம் கோடு இல்லையென்றால் ஒரு நிமிஷ வேலை. நட்டை இறுக்கி, ஒரே ஒரு இழுப்பு. காய்வதற்கு ஐந்து நிமிஷம். யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்த தன் மண்டையை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் பாட்டிலை விடாமல் கையில் பிடித்துக்கொண்டுதான் மண்டியிட்டாள்.

வலது பக்கத்தில் அவளுடைய கோடு, அளவுகோல் வைத்து இழுத்தது போல. சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனாள். நட்டு முழுக்கச் சேறு அப்பியிருந்தது. வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கட்டை விரலால் சேற்றை வழித்தாள்.

சிவப்பு.

கோடு என்று அதைச் சொல்ல முடியாது. புழு நெளிந்தது போலத் தடிமனாக, கோணலாக இருந்தது. காய்வதற்குள் விரல் பட்டு ஒரு ஓரம் இழுபட்டிருந்தது. ஆனால் நட்டிலிருந்து ராடு வரைக்கும் எங்கேயும் உடையவில்லை. இத்தனை அசிங்கமான கோட்டை அவள் ஜென்மத்தில் போட்டதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" பரிசோதகர் உள்ளே வந்தார்.

"ஒண்ணுமில்ல சார். டேப்போட அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க."

வழக்கமாகத் தம்பி நிற்கிற இடத்தில் அவர் நின்றார். வலது பக்கம் அளந்தார்கள். இடது பக்கம் அளக்கும்போது எண்ணைப் படிக்க முடியாமல் கண்ணீர் மறைத்தது. அவரே குனிந்து படித்தார்.

"ரெண்டும் ஒண்ணும்மா. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்ல."

அவன் மாற்றவில்லை. தனியாக நின்று, தொடக் கூடாத ஸ்பானரை எடுத்து, அவள் வைத்த அளவிலேயே இறுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

பரிசோதகர் முன்னால் போய்க் கிழிந்த டயரைக் காட்டினார். "முன்னால போன காருலேருந்து ஒரு தகடு கழண்டு விழுந்திருக்கு. அதுதான் அறுத்திருக்கு. தகடு எங்ககிட்ட இருக்கு. இது உங்க கையில இல்லம்மா."

"எழுதிக்கோங்க சார். இடது பக்க நட்டை நான் இறுக்கல. பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். அவன்தான் இறுக்கினான்."

அவர் பின்னால் வந்து நட்டை அசைத்துப் பார்த்தார். "இறுகித்தானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப எழுத ஒண்ணுமில்ல."

அக்கா கூடத்துக்கு வந்தபோது தம்பி மனைவி பக்கத்து வீட்டில் எதையோ வாங்கி வந்து அதில் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள். "நெயில் பாலிஷ் அக்கா! இவர் விரல்ல எப்படி வந்துச்சுன்னே தெரியல. இதுல போயிடும்."

அக்கா அந்தக் கையை முதல்முறையாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்மா."

"எல்லாரும் பாப்பாங்களே?"

"பாக்கட்டும். டயர்தான் கிழிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. மத்தத அப்புறம் உக்காந்து சொல்றேன்."

சட்டைக் கைகளுக்குப் பொத்தான் போட்டு, இரண்டு கைகளையும் மார்பின் மேல் வைத்தாள். பழக்கம் விடவில்லை. கால்மாட்டில் போய் நின்று இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்த்தாள். இடது கை ஒரு நூல் முன்னால் இருந்தது.

சரிசெய்யக் குனிந்தவள், அதை அப்படியே விட்டுவிட்டாள்.