பத்துச் செம்புத் தண்ணீர்

எட்டாவது செம்புத் தண்ணீர் தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தபோது மகள் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அப்பா, போதும்ப்பா. வாங்க."

"இதோ வந்துட்டேம்மா. முடிஞ்சுது."

முடியவில்லை. கட்டைவிரல் நகக்கண்ணில் இன்னும் கருப்பு இருந்தது. சற்று முன்புவரை கொட்டகையில் 'மாப்பிள்ளை' என்ற ஆட்டுக்கிடாவின் பின்னங்காலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குளம்பு சீவிய கை அது. தேய்க்கிற நாரை எடுத்து அந்த நகத்தை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்தார். ஒன்பதாவது செம்பை மொண்டு தலையோடு ஊற்றினார். பத்தாவதுக்காகச் செம்பு வாளிக்குள் இறங்கியபோது கதவு மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை தட்டியது விரல்கள் அல்ல, உள்ளங்கை.

"அப்பா!"

செம்பை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, காது மடலில் சோப்பு நுரையோடு ஓடினார். குளியலறை வீட்டின் பின்பக்கம், படுக்கையறைச் சுவரை ஒட்டி. ஆனால் அதன் வாசல் தோட்டத்தைப் பார்த்திருந்தது. சுற்றிக்கொண்டு, சமையலறை வழியாகப் படுக்கையறைக்குள் நுழைய இருபது அடி. அந்த இருபது அடியில் இரண்டு முறை வழுக்கினார்.

நர்ஸ் அவர் மனைவியின் மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரை.

"இப்பத்தான் சார்," என்றாள்.

இப்பத்தான் என்றால் எப்போது? எட்டாவது செம்பிலா, நகத்தைத் தேய்த்தபோதா? ஈரம் சொட்டச் சொட்டக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மகள் அவருக்குப் பின்னால் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பாவைக் கூப்பிடப் போன நேரத்தில் அவளுக்கும் அந்தக் கடைசி நிமிடம் தவறிப்போயிருந்தது.

*

வெள்ளாட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் அவரைக் 'கிடாக்காரர்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இனப்பெருக்கப் பிரிவில் பதினாறு கிடாக்கள் அவர் பொறுப்பு. மனைவி பண்ணையின் மறுகோடியில், பால் ஆய்வகத்தில். அவளை 'டாக்டரம்மா' என்பார்கள். ஆட்டுப் பாலில் பாலாடைக்கட்டி செய்து, அறுபது நாள் முதிரவைத்து, குறியீடு மட்டும் ஒட்டிய கிண்ணங்களில் வைத்துக் கொடுத்தால், எது எந்தக் கொட்டகைப் பால் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடும்படி ஒரு பாலாடைக்கட்டி வேண்டும் என்பதுதான் அவளுடைய இருபது வருட ஆராய்ச்சி.

அந்தப் பண்ணையில் ஒரு சட்டம் உண்டு. கிடாவைத் தொட்டவர் பால் அறைப் பக்கம் வரக்கூடாது. கிடா வாடை ஒட்டாரம் பிடித்தது. துணியில் ஏறும், முடியில் ஏறும், பாலின் கொழுப்பில் ஏறினால் இறங்கவே இறங்காது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், சட்டம் தெரியாமல் ஒரு கையெழுத்துக்காக அவர் பால் அறைக்குள் போய் நின்றார். அன்றைய பால் முழுக்கக் கொட்டவேண்டியதாயிற்று. டாக்டரம்மா அவரை வாசலோடு விரட்டினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குளித்து, தலைவாரி, மன்னிப்புக் கேட்க வந்தார்.

"எத்தனை சொம்பு ஊத்தினீங்க?"

"பத்து."

அவள் ஒரு அடி முன்னால் வந்து மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் இருக்கு. ஆனா பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல'யில்தான் கல்யாணம் நடந்தது. முப்பத்தொரு வருடமாகப் பத்துச் செம்பு. கல்யாணமான புதிதில் ஒரு குளிர்நாளில் எட்டோடு நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். படுக்கையறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் ரெண்டு பாக்கி," என்றாள். என்ன மூக்குடா இது என்று அவர் மலைத்துப்போய்த் திரும்பப் போய் ஊற்றிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் ஏமாற்ற நினைத்ததே இல்லை.

*

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவருக்கு உட்கார முடியவில்லை. வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். வரிசை கோணலென்று கலைத்து மறுபடி போட்டார். மனைவியின் தம்பி அவர் தோளைப் பிடித்து அழுத்தி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தான்.

"கொஞ்சம் உட்காருங்க மாமா. கிடா மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்களே."

உட்கார்ந்தார். அவன் அழுது வீங்கிய கண்ணோடு பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சின்ன வயசுல நான் பால் சட்டியத் திறந்தா அக்காவுக்கு அடுத்த ரூம்லேருந்து தெரிஞ்சுடும். அப்பேர்ப்பட்ட மூக்கு. அதைக் கொண்டுபோய் யார்கிட்ட குடுத்தா பாருங்க!" சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது.

அவர் எழுந்துவிட்டார்.

நர்ஸைக் கேட்கவேண்டும். அறையில் அப்போது இருந்தது அவள் ஒருத்திதான். ஏதாவது கேட்டாளா, என்னைத் தேடினாளா, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளா? ஆனால் நர்ஸ் உடலைத் துடைத்து, உடை மாற்றி, தலைவாரிவிட்டு, அடுத்த நோயாளி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். போன் செய்யலாம் என்று எண்ணை எடுத்தார். 'தேடினாங்க சார்' என்று அவள் சொல்லிவிட்டால்? போனைப் பைக்குள் போட்டார். அடுத்த நிமிடம் மறுபடி எடுத்தார்.

ஆய்வகத்திலிருந்து நான்கு பேர் வெள்ளை மேலங்கியோடு அப்படியே வந்திருந்தார்கள். அவர்களைக் கண்டதும் அவர் தன்னை அறியாமல் இரண்டு அடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றார். மனைவியிடம் வேலை கற்ற இளைய ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டாள். நேராக வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. சாயங்காலக் கறவை இருக்கே உனக்கு."

"இன்னிக்கு வேற ஆள் பார்த்துக்குவாங்க சார். நான் போகல," என்று அவள் கையை விடாமலே நின்றாள்.

மனிதர்கள் பெரிய ஆறுதல் எதையும் கொடுத்துவிட முடியாது. இப்படிச் சின்னதாக எதையாவது கொடுக்கத்தான் ஆண்டவன் நம்மை ஒருவர் பக்கத்தில் ஒருவராக வைத்திருக்கிறான். அவருக்கு அன்று முதல் தடவையாகக் கண் கலங்கியது.

ஆனால் மகள் பேசவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், விலாசம் சொன்னாள், சவப்பெட்டிக்காரரிடம் அளவு சொன்னாள். அப்பா பக்கம் மட்டும் திரும்பவில்லை. சமையலறையில் அவர் வழியில் வந்து நின்றபோதுதான் வெடித்தது. குரல் உயரவில்லை.

"யாருக்காகப்பா குளிச்சீங்க?"

"வாடை அடிக்கும்மா. குளம்பு சீவிட்டிருந்தேன். இந்தப் பருவத்துல கிடா..."

"அம்மாவுக்கு மூக்கு செத்துப்போய் ஆறு மாசம் ஆச்சு. மருந்து போட ஆரம்பிச்ச அன்னியிலேருந்து அவங்களுக்குச் சாம்பிராணிக்கும் சாணிக்கும் வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். வாசனை போன முதல்நாள் அழுத மனைவியை அவர்தான் தேற்றினார்.

"நான் போன்ல சொன்னேனே, மூச்சு ஒரு மாதிரி இருக்கு, ஓடி வாங்கன்னு."

"ஓடித்தாம்மா வந்தேன். காலு தானாப் பின்பக்கம் திரும்பிடுச்சு."

மகள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். "உங்களைக் கூப்பிட வந்ததுல நானும் கூட இல்லாம போயிட்டேன்ப்பா. நம்ம யாருமே பக்கத்துல இல்லாம போனாங்க அம்மா."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் யாரோ வெளியே கூப்பிட்டார்கள்.

*

மறுநாள் காலை அடக்கம் முடிந்தது. பிரார்த்தனையின்போது எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் கூட்டத்தில் நர்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் கொட்டகைக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பதினாறு கிடாக்களுக்குத் தீனி போட்டார். மாப்பிள்ளை ஒரு கால் சீவியும் ஒரு கால் சீவாமலும் கோணலாக நின்று அவரைப் பார்த்தது. "உன்னாலதான்டா," என்றார். சொன்னதும் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். அது என்ன செய்யும்? இடுக்கிப் பிடித்து, மிச்சக் குளம்புகளையும் சீவி முடித்தார்.

திரும்பி வந்தபோது வாசலில் நர்ஸின் ஸ்கூட்டர் நின்றது. ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துப்போக வந்திருந்தாள். மகள் அதை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் முற்றத்திலேயே நின்றுவிட்டார், உடம்பெல்லாம் கிடா வாடையோடு.

"சார், காலையிலயே அடக்கத்துக்கு வந்திருக்கணும். வர மனசு வரல," என்றாள் நர்ஸ். கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள். "ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்லணும். சொல்லாம இருக்க முடியல."

"சொல்லும்மா."

"கடைசியில அம்மா ஏதோ கேட்டாங்க சார். எனக்குப் புரியல. பதினஞ்சு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், ஒரு உசுரு கடைசியாக் கேட்டதைப் புரிஞ்சுக்க முடியாமப் போயிடுச்சேன்னு நேத்துலேருந்து சோறு இறங்கல."

"என்ன கேட்டா?"

"கேட்டாங்கன்னுகூட இல்ல. எண்ணினாங்க. இப்படி, விரலை மடக்கி மடக்கி. தலையச் சுவர்ப் பக்கமா, நல்லாக் காதை ஒட்டினாப்பல திருப்பி வச்சிருந்தாங்க. மெத்தையச் சரிபண்ணப் போனேன், வேண்டாம்னு கைகாட்டிட்டாங்க. வலிக்குதாம்மான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டிட்டு, திரும்ப எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. உதடு அசைஞ்சுது. ஆறு, ஏழு... எட்டுக்கு அப்புறம் ரொம்ப நேரம் காத்திருந்தாங்க. அப்புறம் ஒன்பது. அவ்வளவுதான் சார். அந்த ஒன்பதோட..." அவள் நிறுத்தினாள். "ஒன்பது மாத்திரை கேட்டாங்களா, ஒன்பது பேரைப் பார்க்கணும்னாங்களா, ஒண்ணும் தெரியல. நான் கொஞ்சம் கெட்டிக்காரியா இருந்திருந்தா..."



மகள் சிலிண்டர் மேலிருந்து கையை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். இரண்டு நாளில் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எட்டுக்கு அப்புறம் காத்திருந்தாளா?" என்று கேட்டார்.

"ஆமா சார். அதுக்கப்புறம்தான் ஒன்பது."

"நகத்தைத் தேய்ச்சிட்டிருந்தேன்," என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல.

நர்ஸுக்கு விளங்கவில்லை. அவர் அவளருகே போகாமல், வாடை படாத தூரத்தில் நின்றே, மெல்லச் சொன்னார்: "நீ ஒண்ணும் தப்பு பண்ணலம்மா. அவ உன்கிட்ட எதுவும் கேட்கல. நான் வந்துட்டேனான்னு பார்த்துட்டு இருந்தா. அது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. நீ போய் நிம்மதியாச் சாப்பிடு."

"நிஜமாவா சார்?"

"நிஜமா."

நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிலிண்டரை ஸ்கூட்டரில் கட்ட மகள் உதவினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அப்பாவும் மகளும் வாசலில் நின்றார்கள்.

"மூக்குன்னு நினைச்சேன்," என்றார் அவர். "இத்தனை வருஷமா மூக்குன்னே நினைச்சுட்டேன்."

மகள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்து அவர் தோளில் போட்டாள்.

"வாடை அடிக்குதுப்பா. போய்க் குளிங்க."

அவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நேற்று விட்டுப்போன செம்பு வாளிக்குள் கிடந்தது. குழாயைத் திறந்து வாளியை நிரப்பினார். ஒன்று, இரண்டு என்று ஊற்றினார். நகக்கண்ணை நாரால் தேய்த்தார், அவசரமில்லாமல். எட்டு. ஒன்பது.

பத்தாவதை மொண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாளித் தண்ணீர் ஆடி அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. யாரோ வந்து சுவரோரமாக உட்கார்கிற சத்தம்.

அவர் செம்பைத் தலைக்குமேல் நன்றாக உயர்த்தி, தண்ணீர் தரையில் ஓசையோடு விழும்படி, மெதுவாக ஊற்றினார்.