உப்புப் போட்ட ரத்தம்

கீழ்த்தளத்தில் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்த பிரிட்டா சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேலே ஏறி வந்தவள், சமையலறையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற என் கணவர் ஹார்லனைப் பார்த்தாள். மேடைமேல் பெரிய பாத்திரத்தில் ரத்தம். பக்கத்தில் மாவு, துருவிய உருளைக்கிழங்கு, உப்பு டப்பா.

"மாமா, இது... வித்தியாசமா இருக்கே."

எங்கள் மினசோட்டாவில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் கேக்கைப் பார்த்து 'வித்தியாசமா இருக்கு' என்று சொல்லிவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் அப்புறம் பேச்சுவார்த்தையே இருக்காது.

"என்ன வித்தியாசம்? நம்ம ரத்தக் கொழுக்கட்டைதான். வெண்ணெய் உருக்கி ஊத்தினா நெஞ்சு வரைக்கும் இனிக்கும். உன் அத்தை ஆர்டிஸ் மனசு இரங்கி வாங்கி வச்சிருக்கா, நாமளே செஞ்சுருவோம்னு..."

"நான் எங்க வாங்கினேன்?" என்றேன். "நெஞ்சுக் குழாய்ல ஸ்டென்ட் கம்பி வச்சுக்கிட்டு வந்த ஆளுக்கு வெண்ணெய்க் கொழுக்கட்டையா? உப்பு டப்பாவையே போர்வைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேனே."

"கண்டுபிடிச்சுட்டேனே!" என்றார், பரிசு வாங்கியவர் மாதிரி.

ரத்தம் பிரிட்டாவுடையது. அதாவது, ஒரு மாட்டுடையது, வேலை பிரிட்டாவுடையது. ஹார்லனின் தங்கை மகள். மினியாபொலிஸில் ஸ்டென்ட் சோதிக்கிற ஆய்வகத்தில் இருக்கிறாள். கண்ணாடிக் குழாய்க்குள் ஸ்டென்டைப் பொருத்தி, அதன் வழியாக மாட்டு ரத்தத்தைச் சுற்றிச் சுற்றி ஓட விடுவார்கள். கம்பி வலையில் உரசி எத்தனை சிவப்பணு உடைகிறது என்று பார்ப்பார்கள். எங்கள் ஊர்க் கசாப்புக்காரர் மைலோவிடம் ரத்தம் வாங்க வந்தவளைப் பனிப்புயல் எங்கள் வீட்டில் தங்க வைத்துவிட்டது. அவளே யோசித்து உருவாக்கிய மெல்லிய கம்பி ஸ்டென்டுக்கு அன்று சாயங்காலம் சோதனை. தவறினால் அந்த இடத்தில் வேறொருவருடைய ஸ்டென்ட் ஏறிவிடும். அவளுடையது அலமாரியிலேயே கிடக்கும்.

"உப்புப் போட்டுட்டீங்களா மாமா?"

"உறையாம இருக்கணும்ல. ரெண்டு கைப்பிடி."

பிரிட்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உறையாம இருக்க நாங்களே மருந்து போட்டிருக்கோம். உப்புப் போட்டா அணுவுல இருக்கற தண்ணியெல்லாம் வெளிய வந்துரும். ஊறுகா மாதிரி சுருங்கிடும். நல்ல அணுன்னா ரப்பர் மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு போகும். இது முள்ளு முள்ளா வெறைச்சுக்கிட்டு நிக்கும்."

"சரி, பரவாயில்ல," என்றாள் பிறகு. கண் கலங்கியிருந்தது. எங்கள் ஊரில் வீடு எரிந்தாலும் அதைத்தான் சொல்வோம்.

ஹார்லன் கையைத் துடைத்துக்கொண்டு மைலோவுக்குப் போன் போட்டார்.

"மைலோ! என்ன, பனி பலமா?... இங்கயும்தான்... வண்டி கிளம்புதா?... எங்களுதும் இருமுது."

பிரிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, கேக்கச் சொல்லுங்களேன்!"

"கேட்டுக்கிட்டுத்தான்டி இருக்கார்."

"இன்னிக்கு நீ ஒண்ணும் வெட்டமாட்ட, இல்ல?... ஓ, வெட்டறியா... இல்ல, சும்மாதான். பிரிட்டா கொண்டுபோன ரத்தத்துக்கு ஒரு சின்ன விபத்து... சேச்சே, வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்."

"வேண்டாமா!" பிரிட்டா எழுந்தேவிட்டாள்.

"உக்காரு. முதல் வேண்டாம் மரியாதைக்கு," என்றேன்.

"இல்லப்பா, இந்தப் பனியில நீ போய்... வேண்டாம்."

"இது?"

"இதுவும்தான். மூணாவது தடவை கேட்டாத்தான் எடுத்துக்கலாம்."

அந்தப் பக்கம் மைலோ எதுவும் பேசவில்லை போலிருக்கிறது. ஹார்லன் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. மூன்றாவது தடவை கேட்காமலே மைலோ வைத்துவிட்டால், இவர் மானத்தைவிட்டுத் திரும்பக் கூப்பிட வேண்டும். இத்தனை வருஷத்தில் இவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"மைலோ?" என்றார். "எனக்கு அது வேணும். தயவுசெஞ்சு."

நான் பிரிட்டாவின் கையை விட்டேன்.

"என்னது?... மாடு முண்டுச்சா? போனை வச்சுட்டுப் பிடிக்கப் போயிட்டியா? அதான் சத்தத்தையே காணோமா!... சரி. சரி. வர்றோம்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் கேட்டது அவன் காதுல விழுந்துச்சான்னு தெரியல."

"ஊருக்கே விழுந்திருக்கும்," என்றேன்.

மைலோ வீட்டிலிருந்து புது ரத்தக் குடுவையோடு நாங்கள் கிளம்பும்போது ஹார்லன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். "டிக்கியில வேண்டாம். குலுங்கினாலும் அணு உடையும்னு நீதானே சொன்ன. மடியில வச்சுக்கறேன். மினியாபொலிஸ் வரைக்கும் நானும் வரேன்." ரத்தமும் பனிக்கட்டியும் இருந்த பெட்டியைக் கம்பளியில் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். நான் பின்சீட்டில்.

சரளைப் பாதை முழுக்கப் பனி உறைந்து வரிவரியாக இருந்தது. பிரிட்டா ஊர்ந்தாள்.

"பிரிட்டா," என்றார் கொஞ்ச தூரம் போனபின். "எனக்குள்ளயும் இப்படித்தான் உடையுதா?"

"கொஞ்சம் உடையும் மாமா. எலும்புக்குள்ள புதுசா ஊறிக்கிட்டே இருக்கும். போகப் போகக் கம்பிமேல மெல்லிசாத் தோல் மூடிரும். அப்புறம் ரத்தம் கம்பியத் தொடாது."

"மூடிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"வெளியிலேர்ந்து தெரியாது. மாத்திரையை மட்டும் விடாதீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தன் நெஞ்சுக் கம்பியைப் பற்றி வேடிக்கை பேசி ஊரெல்லாம் சிரிக்க வைத்த மனிதர், என்னிடம்கூட இதைக் கேட்டதில்லை.

"மெதுவா," என்றார், பள்ளம் வந்தபோது. "இன்னும் மெதுவாம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டபடி பனி தள்ளும் பெரிய லாரி ஒன்று, இரும்பு அலகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களை முந்தாமல் நடைவேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.